ஆர்க் விளக்கைத் தடுமாறச் செய்யும் காந்த சக்தியும் அதனைத் தடுக்கும் முறையும்

ஊர்ப்புறத்து டூரிங் சினிமாக் கொட்டகையில் மணல்மேல் அமர்ந்து படம் பார்த்த முதியோர் யாவர்க்கும் ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஒரு பக்கம் மங்கத் தொடங்கும். வெண்மை நீங்கி அவ்விடம் பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். பிறகு நிழல் பரவும். கூட்டத்தினர் சீட்டியடிப்பர், "கார்பன்! கார்பன்!" என்று சிறுவர் கூவுவர். உள்ளேயிருக்கும் ஆப்பரேட்டர் விளக்குப் பெட்டியின் திருகைத் திருப்பிக் கரியைச் சரிசெய்தவுடன் வெளிச்சம் திரும்பிவிடும்.

அநேக சமயங்களில் குறை கரி தேய்ந்ததனால்தான். ஆயினும் திருகைத் திருப்பித் திருப்பிக் கை சலித்தும், உயர்ந்த கரியாக வாங்கிப் போட்டும் தீராத தடுமாற்றம் ஒன்று உண்டு. கொட்டகைக்காரர் கரிக் கம்பெனியை நிந்திப்பார். ஆப்பரேட்டரின் சம்பளத்தில் பிடித்தம் செய்வார். உண்மைக் காரணமோ, நீளம் அதிகமென்று சுருட்டி விளக்கின் காலடியில் போடப்பட்ட கம்பிச்சுருளாக இருக்கலாம். கரிக்கும் ஆளுக்கும் அதில் யாதொரு சம்பந்தமும் இல்லை.

கரி ஆர்க் விளக்குகள் சினிமாவைவிட்டு நீங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும் அவ்விளக்கைத் தடுமாறச் செய்த அதே காந்த சக்தி, இன்று கிராமத்து வெல்டிங் பட்டறைகளில் டிரெய்லர்க் கொக்கியையும் ஆழ்குழாய்க் கிணற்றின் குழாயையும் ஒட்டும்போது தோன்றிப் பற்றைக் கெடுத்துவருகிறது. ஒட்டு சரியில்லாத கொக்கி, கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போதுதான் தன் குறையைக் காட்டும். ஆகையால் சங்க அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை அறிந்திருப்பது வீண் சிரமமாகாது. விளக்கைக் கொண்டு விளங்கிக்கொள்வதே எளிதாகையால் முதலில் விளக்கைப் பற்றிக் கூறப்படும்.

ஆர்க் என்பது யாது?

இரண்டு கரிக்குச்சிகளை மின்சாரத்தில் இணைத்து, அவற்றின் நுனிகளை ஒன்றோடொன்று தொடச்செய்து பின்பு சிறிது பிரித்தால், இடைவெளியிலுள்ள வாயு கொதித்து மின்சாரத்தைக் கடத்தும் நிலையை அடைகிறது. கண்ணைப் பறிக்கும் ஒளி உண்டாகிறது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி என்னும் ரசாயன சாஸ்திரி 1810-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 2,000 மின்கலங்களைச் சேர்த்து இதனைப் பலர் முன்னிலையில் காட்டினார். கரிகள் படுகிடையாய் வைக்கப்பட்டிருந்தமையால் சூடான வாயு மேலே எழும்பி, ஒளி வில்லைப்போல் வளைந்து நின்றது. அதுபற்றியே ஆங்கிலத்தில் ஆர்க் என்றும், தமிழில் வில் விளக்கு என்றும் பெயர் வழங்கலாயிற்று.

நேர்திசை மின்சாரத்தில் எரியும் சாதாரண ஆர்க்கில் பாஸிடிவ் கரியின் நுனி குழிந்து ஒரு சிறு கிண்ணம்போல் ஆகிறது. அக்குழியின் உஷ்ணம் சுமார் 3,500 டிகிரி சென்டிகிரேட். விளக்கின் ஒளியில் ஏறக்குறைய 85 சதவிகிதம் இக்குழியிலிருந்தே வருகிறது. இடையில் நிற்கும் வாயுத்தழலோ ஒளியில் சிறு பங்கே அளிப்பது. ஆனால் குழி எங்கே விழவேண்டும், எவ்வளவு சமமாக எரியவேண்டும் என்பதை நிர்ணயிப்பது அத்தழலே. தழல் ஒரு புறம் சாய்ந்தால் குழியின் அந்தப்புறத்து விளிம்பு அதிகமாய் எரிந்து, குழி கோணிப்போகும்.

சினிமா விளக்கில் இக்கோணல் எவ்வளவு பெரிதாகத் தெரியுமென்பதைச் சிறிது யோசிக்கலாம். குழிக்கு எதிரே வைக்கப்பட்ட குழிந்த கண்ணாடி, குழியின் பிம்பத்தை ஐந்தாறு மடங்கு பெருக்கி, பிலிம் ஓடும் சாளரத்தின்மேல் வீழ்த்தும். அச்சாளரத்தின் அகலம் சுமார் 21 மில்லிமீட்டர். குழி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் பிம்பம் ஐந்து ஆறு மில்லிமீட்டர் விலகும். அதாவது படத்தின் அகலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. திரையோரத்தில் நிழல் விழுவதற்கு இதுவே போதும்.

காந்தம் எங்கிருந்து வந்தது?

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிலும் காந்த சக்தி உண்டாகிறதென்பதை 1820-ல் கோபன்ஹேகன் நகரில் எர்ஸ்டெட் என்பவர் கண்டார். கம்பியின் அருகிலிருந்த திசைகாட்டி முள் திரும்பியதே அவருக்குக் கிடைத்த சாட்சி. அதே ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ஆம்பியர், ஒரே திசையில் மின்சாரம் ஓடும் இரு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்குமென்றும், எதிர்த்திசைகளில் ஓடினால் தள்ளுமென்றும் நிரூபித்தார். மறு ஆண்டிலேயே டேவி, எரியும் ஆர்க்கின் அருகே வலிய காந்தத்தைக் கொண்டுவந்தால் ஆர்க் இடம்பெயர்ந்து சுழல்வதை வெளியிட்டார். ஆர்க்கும் ஒரு கம்பியே. மின்சாரம் செல்லும் பாதையே. வித்தியாசம் யாதெனில், செம்புக் கம்பியைக் காந்தம் தள்ளினால் அது முளையில் கட்டிய மாடுபோல் நிற்கும். ஆர்க்கைத் தள்ளினால் கட்டில்லாத கன்றுபோல் ஓடிவிடும்.

இனி, விளக்குப் பெட்டிக்குள் காந்தம் எதுவும் வைக்கப்படவில்லையே என்று கேட்கலாம். வைக்கத் தேவையில்லை. ஆர்க்குக்கு வரும் மின்சாரமே காந்தத்தை உடன் கொண்டுவருகிறது. பாஸிடிவ் கரியைப் பிடிக்கும் தாங்கி வழியாக மின்சாரம் கீழிருந்து மேலே ஏறி, கரியின் வழியே சென்று, ஆர்க்கைக் கடந்து, நெகடிவ் கரியின் தாங்கி வழியாகக் கீழே இறங்குகிறதென்று வைத்துக்கொள்வோம். இப்பாதை கவிழ்த்த லாடம் போன்றது. ஏறும் மின்சாரமும் இறங்கும் மின்சாரமும் ஒன்றையொன்று தள்ளும். உச்சியிலுள்ள பாகமும் மேல்நோக்கித் தள்ளப்படும். சுருங்கச் சொன்னால், மின்சாரம் செல்லும் வளையம் எதுவும் விரியவே முயலும். பம்ப்செட்டில் மாட்டிய ரப்பர்க்குழாய் வளைந்து கிடக்கும்போது மோட்டாரை ஓட்டினால், அவ்வளைவு வெளிப்புறமாகத் தள்ளப்படுவதை விவசாயிகள் கண்டிருப்பர். காரணம் வேறேயாயினும் தோற்றம் அதுவே. லாடம்போன்ற பாதையில் தாங்கிகளும் கரிகளும் அசையமாட்டா. அசையக்கூடியது ஆர்க் ஒன்றே. ஆகவே அதுவே பிதுங்கும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தாலன்றி இதன் வலிமை மனத்திற்படாது. 50 ஆம்பியர் ஓடும் நீண்ட கம்பி ஒன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் உண்டாகும் காந்தத்தின் அளவு 2 காஸ். பூமியின் காந்தம் தமிழ்நாட்டில் சுமார் 0.4 காஸ் தான். எனவே விளக்கின் சொந்தக் கம்பியே பூமியைக் காட்டிலும் ஐந்து மடங்கு வலிய காந்தமாகிறது. இது ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஆர்க்கைத் தள்ளும் விசை சுமார் 10 மில்லிகிராம் எடைக்குச் சமம். அதாவது அரிசிமணி ஒன்றின் எடையில் ஏறக்குறையப் பாதி. அரை அரிசிமணிதானே என்று இகழலாகாது. தள்ளப்படுவது கொதிக்கும் வாயு. அதன் எடை ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சூட்டினால் அவ்வாயு மேலெழும்பும் விசையும் ஒரு மில்லிகிராமை ஒட்டியதே. டேவி கண்ட வில்லை வளைத்த சூட்டைவிடப் பத்து மடங்கு பலமாகத் தள்ளக்கூடிய காந்தம், அஜாக்கிரதையாய்ப் போடப்பட்ட ஒற்றைக் கம்பியில் அடங்கியிருக்கிறது.

அக்கம்பியையே பத்துச் சுற்றாகச் சுருட்டி விளக்கின் அடியில் போட்டால் என்ன ஆகும்? பத்துச் சுற்றும் ஒன்றுக்கொன்று துணைசெய்யும். சினிமாக்காரர் தம்மையறியாமலே ஒரு மின்காந்தத்தைச் செய்து விளக்கின் காலடியில் வைத்தவராவர். டூரிங் கொட்டகைகளில் இதற்கு வாய்ப்பு மிகுதி; ஏனெனில் என்ஜினும் டைனமோவும் நிற்குமிடம் ஊருக்கு ஊர் மாறும்; எல்லா ஊருக்கும் எட்டும்படி நீளமான கம்பியே வைத்திருப்பர்; மிஞ்சியது சுருளாகத்தான் கிடக்கும்.

இரும்பு செய்யும் வேலை தனி. இரும்பின் வழியே காந்தம் எளிதில் செல்லுமாகையால், ஆர்க் தன்னருகேயுள்ள இரும்பை நோக்கிச் சாயும். விளக்குப் பெட்டி இரும்புத் தகட்டினாலானது. ஆர்க் அதன் நடுவே நின்றால் இருபுறத்து இழுப்பும் சமமாகும். ஒரு பக்கச் சுவரை ஒட்டி நின்றால் அப்பக்கம் சாயும். கதவைத் திறந்தால் ஒருபக்கத்து இரும்பு விலகுவதோடு காற்றும் புகும். ஆகையால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சரிசெய்த ஆர்க், மூடிய பின்பும் அவ்வாறே நிற்குமென்று நம்பலாகாது. பெட்டியில் கறுப்புக் கண்ணாடிச் சாளரம் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது. கண்ணைக் காப்பது முதற்காரணம்.

நோயை அறியும் வகை

ஆர்க் தடுமாறுவதெல்லாம் காந்தத்தினால் என்று முடிவுகட்டுவது தவறு. ஈரம் ஏறிய கரி பொரிந்து துள்ளும். அதனாலேயே அனுபவமுள்ள ஆப்பரேட்டர்கள் கரியை விளக்குப் பெட்டியின்மேல் வைத்து உலர்த்திக்கொண்டனர். புகைபோக்கியில் இழுப்பு அதிகமானாலும் தழல் அலையும். இடைவெளிக்குத் தக்க அளவுக்குமேல் மின்சாரத்தைக் கூட்டினால் ஆர்க் சீறத் தொடங்கும். இச்சீற்றத்தின் காரணத்தை ஆராய்ந்தவர் ஹெர்த்தா அயர்ட்டன் என்னும் ஆங்கில மாது. குழி பெரிதாகிக் கரியின் பக்கங்களுக்குப் பரவும்போது காற்றிலுள்ள பிராணவாயு அதனைத் தாக்குவதே சீற்றத்திற்குக் காரணமென்று அவர் கண்டு, 1899-ல் லண்டன் மின்சார என்ஜினீயர்கள் சங்கத்தில் தாமே கட்டுரை படித்தார். அச்சங்கத்தில் தம் கட்டுரையைத் தாமே படித்த முதல் பெண்மணி அவர்தாம்.

காற்றினாலும் ஈரத்தினாலும் வரும் தடுமாற்றம் நிலையற்றது. ஒரு கணம் இப்பக்கம், மறுகணம் அப்பக்கம். காந்தத்தினால் வருவதோ பிடிவாதமானது. தினந்தோறும் ஒரே பக்கம் சாயும். மின்சாரத்தை ஏற்றினால் சாய்வும் ஏறும். கரியை மாற்றினாலும் மாறாது.

காந்தம்தான் என்று தோன்றிய பின்பு, அது விளக்குக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று தெரியவேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. விளக்கைச் சிறிது திருப்பி வைத்து எரிக்கவேண்டும். சாய்வும் விளக்கோடு கூடவே திரும்பினால் குற்றம் விளக்கின் உள்ளே. விளக்கைத் திருப்பியும் சாய்வு அறையின் அதே சுவரை நோக்கியே இருந்தால் குற்றம் வெளியே. வெளியே என்றால், தரையில் செல்லும் மற்றொரு யந்திரத்தின் கம்பி, மூலையில் சாத்தி வைத்த பழைய ஒலிபெருக்கியின் காந்தம் ஆகியவற்றைத் தேடவேண்டும். இரண்டு யந்திரங்கள் உள்ள நிலையான கொட்டகையில், ஒன்றை ஏற்றும்போது மற்றொன்றின் ஆர்க் துள்ளுமானால் ஆம்பியர் முள்ளை நோக்கவேண்டும். முள் இறங்கினால் மின்சாரம் பங்கிடப்பட்டதே காரணம். முள் அசையாமல் ஆர்க் மட்டும் துள்ளினால் அடுத்த யந்திரத்தின் கம்பி இதன் அருகே ஓடுகிறதென்பது நிச்சயம்.

மலிவான திசைகாட்டி ஒன்றும் இவ்வேலைக்குப் பேருதவி செய்யும். விளக்கு அணைந்திருக்கையில் அதனைப் பெட்டியைச் சுற்றிலும் நகர்த்தினால், காந்தமேறிய எஃகுத் துண்டு எங்குள்ளதோ அங்கே முள் திரும்பும். எஃகுத் திருப்புளியும் திருகாணியும் மின்சாரத்தின் அருகே பலநாள் கிடந்து காந்தமேறிவிடுவதுண்டு. மெல்லிரும்பு அப்படியன்று, மின்சாரம் நின்றதும் பெரும்பாலும் காந்தத்தை விட்டுவிடும்.

தடுக்கும் முறை

முறைகளில் தலையாயது கம்பிகளைச் சேர்த்து இடுவதே. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்லுமானால், ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். 50 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பி 30 சென்டிமீட்டர் தூரத்தில் 0.33 காஸ் காந்தம் உண்டாக்கும். அதன் ஜோடிக் கம்பியை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் உடன் வைத்தால், அது முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரண்டையும் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிவிட்டால் இன்னும் நலம். செலவு ஏதுமில்லாத வைத்தியம் இது. ஆயினும் பாஸிடிவ் கம்பியைச் சுவரின் இப்பக்கமாகவும் நெகடிவைச் சுவரின் அப்பக்கமாகவும் கொண்டுபோவதே அழகு என்று கருதுவோர் என்றும் உளர்.

மிஞ்சிய கம்பியைச் சுருட்டலாகாது. சுருட்டித்தான் ஆகவேண்டுமெனில் இரு கம்பிகளையும் சேர்த்தே சுருட்டி, விளக்குக்கு எட்டாத தூரத்தில் வைக்கவேண்டும். இரும்புத் தகட்டில் துளையிட்டுக் கம்பியை உள்ளே விடும்போது இரண்டும் ஒரே துளை வழியாய்ச் செல்லவேண்டும். தனித்தனித் துளைகளில் விட்டால் தகடு காந்தமேறும்; மாறுதிசை மின்சாரமாயின் தகடு சுடவும் சுடும்.

ஆர்க்கை அடுத்துள்ள தாங்கி, திருகு முதலியவற்றைப் பித்தளையாலோ வெண்கலத்தாலோ செய்யவேண்டும். இவை காந்தத்தை இழுப்பதில்லை. பழுதுபார்க்கையில் தொலைந்த பித்தளைத் திருகாணிக்குப் பதில் கையில் கிடைத்த இரும்புத் திருகாணியை முடுக்கிவிடுவது சிறு காரியமாகத் தோன்றும். ஆர்க்கின் ஒரு புறத்தில் மட்டும் இரும்பு வந்துசேர்ந்தது என்பதை மாதக்கணக்கில் யாரும் அறியமாட்டார்.

ஆர்க்கைக் குறுக்கமாக வைப்பதும் ஒரு காவல். நீண்ட ஆர்க் நீண்ட கயிறுபோல் எளிதில் வளையும். குறுகியது விறைப்பாய் நிற்கும். மின்சாரத்தை அளவுக்குமேல் ஏற்றாமலிருப்பதும் அவ்வாறே. ஏனெனில் ஆர்க்கின் சொந்த மின்சாரத்தால் வரும் தள்ளுதல், மின்சாரம் இருமடங்கானால் நான்கு மடங்காகிறது. 1930-ஆம் ஆண்டுகளில் பரவிய செம்புப் பூச்சுள்ள மெல்லிய கரிகள் ஏழு மில்லிமீட்டர் பருமனிலேயே 40, 50 ஆம்பியர் தாங்கின. அவற்றின் உள்ளீட்டில் சீரியம் சேர்ந்த உப்புகள் இருந்தமையால் வெண்மை மிகுந்தது. (சீரியம் அடங்கிய மானஸைட் மணல், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஏராளம்.) ஒளி பெருகியதோடு கம்பியிடும் ஒழுங்கின் அவசியமும் பெருகிற்று.

பகைவனைக் காவலனாக்குதல்

காந்தத்தை முற்றும் விலக்குவதே நோக்கமென்று எண்ணவேண்டாம். தானாக வரும் காந்தம் ஆர்க்கைக் கெடுப்பதுபோல, அறிந்து வைத்த காந்தம் அதனை நிறுத்தவும் செய்யும். 1876-ல் யாப்லோச்கோவ் என்னும் ருஷ்ய என்ஜினீயர் செய்த மின் மெழுகுவர்த்தியில் இரண்டு கரிகள் பக்கத்தில் பக்கமாக நின்றன. ஆர்க் அடிவரை இறங்கி ஓடாமல் நுனியிலேயே நின்றதற்கு இடையிலிருந்த சாந்து ஒரு காரணம்; கரிகளில் ஓடிய மின்சாரத்தின் காந்தம் ஆர்க்கை நுனிக்குத் தள்ளியது மற்றொரு காரணம். 1878-ல் பாரிஸ் நகரத்து ஆப்பெரா வீதியில் இவ்விளக்குகள் எரிந்தன. பின்னர் ஜெர்மனியில் பிரெமர் செய்த தழல் விளக்கில் கரிகள் இரண்டும் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்க, மேலே வைத்த மின்காந்தம் தழலைக் கீழே விசிறிபோல் விரித்தது.

படுகிடையாய்க் கரி வைத்த பெரிய தேடொளி விளக்குகளில் ஆர்க் எப்பொழுதும் மேலேறிக் குழியின் மேல்விளிம்பைத் தின்னும். இதற்காக ஆர்க்கின் அடிப்புறத்தில், மேலே திறந்த வளைவாக மெல்லிரும்புத் துண்டு ஒன்றை வைத்தனர். இரும்பை நோக்கி ஆர்க் சாயும் குணமே இங்கு மருந்தாயிற்று. சூடு மேலே தூக்க, இரும்பு கீழே இழுக்க, ஆர்க் நடுவில் நின்றது.

இரும்புத் துண்டுக்கும் நிலைக்காந்தத்திற்கும் ஒரு முக்கிய பேதம் உண்டு. நிலைக்காந்தம் ஆர்க்கைத் தள்ளும் திசை மின்சாரத்தின் திசையைப் பொறுத்தது. கம்பிகளை மாற்றிப் பூட்டினால் கீழே தள்ளவேண்டிய காந்தம் மேலே தள்ளும். மாறுதிசை மின்சாரத்திலோ நொடிக்கு நூறு முறை இப்படியும் அப்படியுமாகத் தள்ளி, பயன்படாமலே போகும். இரும்பின் இழுப்பும், வளையம் விரியும் தள்ளுதலும் அப்படியல்ல. மின்சாரம் திரும்பும்போது அது உண்டாக்கிய காந்தமும் உடன் திரும்புவதால் விசை ஒரே பக்கமாகவே நிற்கும். சரிசெய்யும் காந்தத்தை வைத்த பிறகு நோய் அதிகரித்ததென்று யாரேனும் சொன்னால், காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாரா என்று முதலில் கேட்கவேண்டும்.

1950-க்குப் பின் ஜெர்மனியில் தோன்றிய ஸெனான் வாயு விளக்கு, சிறிது சிறிதாகக் கரியை ஒழித்தது. கரி தேய்வதும் திருகு திருப்புவதும் சீட்டியொலியும் நின்றன. ஆயினும் படுகிடையாக வைத்த ஸெனான் விளக்கிலும் ஆர்க் சூட்டினால் மேலே வளைந்தமையால், குமிழின் அருகே காந்தம் வைத்து அதனை நேர் நிறுத்தினர். கரி போயிற்று; காந்தம் போகவில்லை.

வெல்டிங் பட்டறையில்

பட்டறையில் ஓடும் மின்சாரம் 100 முதல் 200 ஆம்பியர்வரை. சினிமா விளக்கைவிட இது இரண்டு மூன்று மடங்கு. ஆகவே ஆர்க்கின் தள்ளுதலும் அதற்கேற்ப மிகும். நேர்திசை மின்சாரத்தில் ஒட்டுபவர்கள் தகட்டின் ஓரத்தையோ மூலையையோ நெருங்குகையில் ஆர்க் முன்னோ பின்னோ வீசப்பட்டு, உருகிய இரும்பு தெறித்து, பற்று ஓட்டையாய் நிற்பதைக் கண்டிருப்பர். தகடு முடியுமிடத்தில் காந்தம் இரும்பைவிட்டு வெளியேற வழியின்றி நெருங்கி நிற்பதும், மின்சாரம் எர்த் கிளாம்பை நோக்கித் திரும்புவதுமே இதற்குக் காரணங்கள். இத்தகைய பற்றின்மேல் மறுபடியும் ஒரு வரி ஓட்டி மூடிவிட்டால் பார்வைக்கு நன்றாயிருக்கும். உள்ளே உள்ள ஓட்டை உள்ளேயே இருக்கும். சங்கத்தின் டிராக்டரை வாடகைக்கு எடுத்தவர் இக்கொக்கியை நம்பியே பாரம் ஏற்றுகிறார்.

பரிகாரம் விளக்குக்குச் சொன்னதே. எர்த் கிளாம்பை வேறிடத்திற்கு மாற்றிப் பூட்டிப் பார்க்கவேண்டும். கிளாம்பை நோக்கிச் செல்லாமல் அதனின்று விலகிச் செல்லும்படி ஒட்டுவது பெரும்பாலும் நலம். ஆர்க்கைக் குறுக்கவேண்டும், இயன்ற அளவு மின்சாரத்தைக் குறைக்கவேண்டும். மூலைகளில் முன்னதாகவே புள்ளிப் பற்று வைத்து, ஓரத்தில் ஒரு துண்டு இரும்பையும் ஒட்டிவைத்தால் தகடு நீண்டதுபோலாகிக் காந்தத்திற்கு வழி கிடைக்கும். வேலை முடிந்தபின் அத்துண்டை வெட்டிவிடலாம். மாறுதிசை மின்சாரத்தில் ஒட்டும் மெஷின் இருந்தால் இத்தொல்லை மிகக் குறையும். ஏனெனில் காந்தம் மாறிக்கொண்டேயிருக்கையில் தகட்டுக்குள் எழும் சுழல் மின்சாரம் அதனை எதிர்த்து நிற்கிறது. கேபிளைச் சுருட்டி வேலைமேடைமேல் போடும் வழக்கம் அறவே கூடாது.

பழைய ஆழ்குழாய்களில் முன்னமே காந்தமேறியிருப்பதுண்டு. குண்டூசியை நுனியருகே பிடித்தால் ஒட்டிக்கொள்வதிலிருந்து இதை அறியலாம். அவ்வாறாயின் வெல்டிங் கேபிளையே குழாயின் நுனியில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, அதன் வழியாக மின்சாரத்தைவிட்டு ஒட்டிப்பார்க்கவேண்டும். சுற்றின் காந்தம் குழாயின் காந்தத்திற்கு எதிராயிருந்தால் ஆர்க் அடங்கும். அடங்காமல் முன்னிலும் அதிகமாய் வீசினால், கேபிளை அவிழ்த்து எதிர்ப்பக்கமாய்ச் சுற்றவேண்டும். சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் ஊசி ஒட்டாத அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.